‘நீர்’ என்று அழைக்கப் பழகுதல்

முருகனைக் கும்பிடுகிறவர் ‘நீதாம்ப்பா காப்பாத்தணும்’ என்று ஒருமையில்தான் சொல்வார். துஆ கேட்கும் தமிழ் முஸ்லிமும் ‘யா அல்லாஹ், நீயே’ என்றுதான் கையேந்துவார். தேவாலயத்துக்குள் மட்டும் கடவுள் ‘நீர்’ ஆகிவிடுகிறார். தாரும், இரங்கும், மன்னியும் என்று வினைச்சொற்களும் வேறு உடுப்பு மாட்டிக்கொள்கின்றன. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எத்தனையோ விஷயங்களில் பிரிந்து நிற்பவர்கள் இந்த ஒரு பிரதிப்பெயரில் ஒன்றுபட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் பெரும்பாலான வீடுகளில் யாரையும் யாரும் இப்போது ‘நீர்’ என்று அழைப்பதில்லை. தெற்கே நெல்லைப் பக்கம் ‘என்னவே, நீரு எப்ப வந்தீரு’ என்ற பேச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கம் அது காதில் விழாது. மடியில் தவழும் பிள்ளையைக்கூட ‘வாங்க சாமி’ என்று கொஞ்சுகிற மண் அது. ஆகவே அந்தப் பகுதியில் ஒருவர் கிறிஸ்தவராக ஜெபிக்கத் தொடங்கினால், பாவம், இரட்சிப்பு முதலான பெரிய சொற்களுக்கெல்லாம் முன்னதாக இந்தச் சின்னச் சொல்லுக்கு அவர் நாக்கு பழக வேண்டியிருக்கிறது. அது பிறர் வாயில் கேட்டுப் பழகுகிற சொல்.

ஜெபம் தானாக ஊற்றெடுக்க வேண்டும், அதைப் போய் யாராவது கற்றுக்கொடுப்பார்களா என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சபைக்குத் தவறாமல் போகிறவர்களும் சொல்கிறார்கள், வாசற்படி மிதிக்காதவர்களும் சொல்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. கிறிஸ்தவ ஜெபம் தாய்மொழியைப் போல, இரவல் வாங்கிய சொற்களில் தொடங்கிப் போகப்போகச் சொந்தமாகிற ஒன்று. அதைக் கற்றுவிட்டார் என்பதற்கு அடையாளம், மூச்சுவிடாமல் அரைமணி நேரம் ஜெபிக்கத் தெரிந்திருப்பதல்ல. கேட்டது கிடைக்காதபோதும் அவர் பேச்சை நிறுத்தாமல் இருக்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்க ரோமாபுரிக்கோ எருசலேமுக்கோ போக வேண்டியதில்லை. நாமக்கல்லுக்கு வடக்கே, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போனால் போதும்.

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் ஆகாய கங்கை அருவியும் நினைவுக்கு வரும். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் அந்த மேட்டுநிலத்தை, மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, வாழவந்தி நாடு என்று நாடுகளாகப் பிரித்து வாழ்கிறார்கள். (கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை, மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள்.) சாமை, தினை, கேழ்வரகு விளையும் அந்த மண்ணுக்கு, வண்டிப்பாதை இல்லாத 1913ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலத் தம்பதி வந்து சேர்ந்தது. ஜெசி பிராண்ட் கட்டட வேலை தெரிந்தவர்; லண்டனில் ஓராண்டு வெப்பநாட்டு மருத்துவம் படித்தவர். ஈவ்லின் லண்டனின் வசதியான வீட்டுப் பெண், ஓவியம் தீட்டுகிறவர். இருவரும் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். திருமணமான கையோடு மழையில் நனைந்தபடி மலையேறினார்கள். ஜெசி சமவெளியில் பலகைகளை அறுத்து, தலைச்சுமையாக மேலே ஏற்றி, ஒரு மரவீட்டைக் கட்டி வைத்திருந்தார்.

இவர்கள் ஆங்கிலத்தில் ஜெபிக்கும்போது கடவுளை ‘தவ்’ என்று அழைத்தவர்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘தவ்’ என்பது நம்முடைய ‘நீ’. பிள்ளையையும் நண்பனையும் அழைக்கிற நெருக்கமான ஒருமை. தெருப்பேச்சிலிருந்து அது மறைந்துபோய்க் கோயிலில் மட்டும் தங்கிவிட்டதால், கேட்கிறவர் காதுக்கு அது ஏதோ சிம்மாசனத்துக்கு முன் பேசும் மொழியாக மாறிவிட்டது. அவர்கள் தமிழ் கற்று ‘நீர்’ என்று ஜெபித்தபோது, தெருவில் வழங்காத ஒரு சொல்லை விட்டுத் தெருவில் வழங்காத இன்னொரு சொல்லுக்கு வந்தார்கள். கற்றுக்கொடுக்க வந்தவர்களும் இரவல் சொல்லில்தான் நின்றார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மலைமக்களுக்கு வேண்டுதல் தெரியாது, இவர்கள் வந்துதான் கற்பித்தார்கள் என்று யாராவது எழுதினால் அது தவறு. அறப்பளீசுவரர் கோயில் அங்கே பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகத்தில் நூறு பாடல்களும் அந்த மலைத் தெய்வத்தை விளித்தே முடிகின்றன. உலக நடப்பையும் ஊர் நீதியையும் பற்றிப் பேசிக்கொண்டே போகும் புலவர், ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் திரும்பி நின்று சாமியைக் கூப்பிடுகிறார். எட்டுக்கை அம்மனுக்கும் எல்லையில் நிற்கும் கருப்புக்கும் நேர்ந்துகொள்வது அந்த மக்களுக்குக் கைவந்த வழக்கம். ‘இது நடந்தால் இதைச் செய்கிறேன்’ என்ற ஒப்பந்தத்தைப் பார்த்து, இது பேரம், நம்முடையதுதான் ஜெபம் என்று சில பிரசங்கிகள் பேசுவதுண்டு. அவர்கள் ஒருமுறை வேளாங்கண்ணிக்குப் போய்வரலாம். மொட்டையும் காணிக்கையும் நடைப்பயணமும் அங்கேயும் இருக்கின்றன. கைம்மாறு கேட்காமல் கரைந்துபோகிற வேண்டுதல் சைவத்துக்குப் புதிதில்லை என்பதைத் திருவாசகத்தை 1900இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு. போப்பே, பாதிரியாராக இருந்துகொண்டு, ஒப்புக்கொண்டவர். பேரமும் சரணடைதலும் எல்லாச் சமயங்களிலும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியிருக்கின்றன.

‘ஜெபம்’ என்ற சொல்லே கடன்தான். வடமொழியில் ஜபம் என்றால் ஒரு மந்திரத்தைத் திரும்பத் திரும்ப உருவேற்றுவது. கத்தோலிக்கரின் செபமாலைக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் வெறும் சொற்களை அடுக்கித் திரும்பச் சொல்லாதீர்கள் என்று இயேசு எச்சரித்ததை அடிக்கடி எடுத்துக்காட்டும் சீர்திருத்தச் சபையாரும் அதே சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் முன்பு, 1578இல் கொல்லத்தில் அச்சான, இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலுக்கு அண்ட்ரிக் பாதிரியார் ‘தம்பிரான் வணக்கம்’ என்று பெயர் வைத்தார். அடிப்படை உபதேசங்களும் ஜெபங்களும் அடங்கிய சிறு நூல் அது. தமிழ் எழுத்தை அச்சில் வார்த்ததும் அவர்கள் அவசரமாக அச்சடிக்க நினைத்தது, ஜெபிக்கச் சொல்லித்தரும் ஒரு புத்தகத்தை. ஜெபம் தானாக வரும் என்று அன்றைக்கு யாரும் நம்பியிருக்கவில்லை.

இயேசுவின் சீடர்களும் நம்பவில்லை. அவர்கள் யூதர்கள். சிறுவயது முதல் சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்கள், ஜெபவேளை தவறாத சமூகத்தில் பிறந்தவர்கள். அப்படியும், யோவான் ஸ்நானகர் தன் சீடருக்குக் கற்பித்ததுபோல எங்களுக்கும் கற்றுத்தாரும் என்று அவர்கள் கேட்டதாக லூக்கா எழுதுகிறார். அதற்கு இயேசு, ‘உங்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்’ என்று பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய சொற்களையே தந்தார். பரமண்டல ஜெபம் என்று நாம் அழைப்பது அதைத்தான். மத்தேயுவில் சற்று நீளமாகவும் லூக்காவில் சுருக்கமாகவும் இருக்கிறது. இதை நாளுக்கு மூன்று முறை சொல்லுங்கள் என்று ‘திதாகே’ என்ற மிகப் பழைய கிறிஸ்தவக் கையேடு அறிவுறுத்துகிறது. அந்த ஜெபத்தின் வரிசையைக் கவனித்தால் அது எப்படிப் பழக்குகிறது என்பது தெரியும். முதலில் அழைப்பு, அதுவும் ‘என்’ இல்லை, ‘எங்கள்’. தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாலும் பன்மைதான். பிறகு கடவுளின் பெயர், அரசு, சித்தம் என்று மூன்று வேண்டுதல்கள். சோறு அதற்கப்புறம்தான் வருகிறது. பசித்தவன் தானாக ஜெபித்தால் இந்த வரிசையில் ஜெபிக்கமாட்டான். பசிக்கிறது என்றுதான் ஆரம்பிப்பான். அவன் தேவையை மறுக்காமல், அதைச் சற்று நேரம் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வைப்பதுதான் அந்த வரிசை செய்கிற வேலை.

அந்தச் சோற்றிலும் ஒரு கதை இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அது ரொட்டி. தமிழ் வேதாகமம் அங்கே ‘ஆகாரம்’ என்று பொதுவாகப் போட்டது. கத்தோலிக்கர் ‘உணவு’ என்கிறார்கள். சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் உண்கிற மலையில் இது எவ்வளவு நல்ல தேர்வு என்று சொல்ல வேண்டியதில்லை. ரொட்டிக்கு முன்னால் வரும் அடைமொழிதான் சிக்கல். ‘எபியூசியோஸ்’ என்ற அந்தச் சொல் ஊர்ப்பேச்சில் வழங்குவதில்லை, சுவிசேஷகர்களே உண்டாக்கியதாகத் தெரிகிறது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன் சொல்லியிருக்கிறார். அன்றாடம், தேவையான, நாளைக்குரிய என்று பொருள்கள் பல. இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் ஒரே சொல்லுக்கு மத்தேயுவில் ஒரு பொருளும் லூக்காவில் வேறொரு பொருளும் வைத்தார். உலகத்திலேயே அதிகம் சொல்லப்பட்ட ஜெபங்களில் ஒன்றின் நட்டநடுவில், யாருக்கும் உறுதியாகப் பொருள் தெரியாத ஒரு சொல். முழுசாகப் புரிந்த பிறகுதான் ஜெபிக்க வேண்டும் என்றால் யாருமே தொடங்கியிருக்க முடியாது. மழலை ‘அம்மா’ என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா யார் என்று தெரிந்துகொள்கிறது.

அம்மாவைச் சொல்லும்போது அப்பாவையும் சொல்லிவிட வேண்டும். இயேசு கடவுளை அழைத்த ‘அப்பா’ என்ற அரமேயச் சொல் கிரேக்க வேதாகமத்திலேயே அப்படியே நிற்கிறது. அது நம் தமிழ்ச் சொல்லோடு ஒலியில் ஒன்றிப்போவதால் பிரசங்கிகளுக்குக் கொண்டாட்டம். அது தற்செயல். தவிர, அந்தச் சொல் குழந்தையின் மழலை மட்டுமே என்று நெடுநாள் சொல்லப்பட்டு வந்ததை வேதாகம அறிஞர் ஜேம்ஸ் பார் 1988இல் மறுத்து எழுதினார். வளர்ந்த பிள்ளைகளும் அப்படித்தான் அழைத்தார்கள் என்பது அவர் வாதம். நெருக்கமும் மரியாதையும் சேர்ந்த சொல் என்றால், நம் ‘நீர்’ அவ்வளவு மோசமான தேர்வில்லை. ‘நீ’யின் உரிமையும் ‘நீங்கள்’ என்பதன் விலகலும் இல்லாமல் அது இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது.

இங்கே பலமான மறுப்பு ஒன்று வரும். அதை எழுப்பியவர்கள் பிராண்ட் தம்பதியின் சொந்த மரபுக்காரர்களே. 1549 முதல் இங்கிலாந்துத் திருச்சபை பொது ஜெபப் புத்தகம் ஒன்றை வைத்து எல்லோரையும் ஒரே மாதிரி ஜெபிக்கச் செய்தது. அதை ஏற்காத ஜான் பன்யன், 1660இல் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தார். எழுதிவைத்த ஜெபத்தை வாசிப்பது ஜெபமே ஆகாது என்று சிறையிலிருந்தே எழுதினார். குழந்தைகளுக்குக்கூட அவசரப்பட்டுச் சொற்களைச் சொல்லிக்கொடுக்காதீர்கள், முதலில் தங்கள் நிலையை அவர்கள் உணரட்டும் என்பது அவர் கட்சி. பாப்டிஸ்டுகள் அந்த வழி வந்தவர்கள். புத்தகம் இல்லாமல், நின்ற இடத்தில், அந்த நேரத்துச் சொற்களில் ஜெபிப்பவர்கள். பன்யனின் பயம் நியாயமானது. வாய் ஒன்றைச் சொல்ல, மனம் சந்தைக் கணக்குப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் புத்தகத்தை எடுத்துவிட்டால் வாய்ப்பாடு போய்விடுமா? எந்தத் தமிழ்ச் சபையிலாவது ஒரு புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ‘அன்பின் பரலோகத் தகப்பனே’ என்று தொடங்கி, ‘இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம்’ என்று நகர்ந்து, ‘ஜெபங்கேளும் நல்ல பிதாவே, ஆமென்’ என்று முடியும். எங்கும் எழுதிவைக்கவில்லை, யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லவும் இல்லை. பாட்டி ஜெபித்ததைக் கேட்டு அம்மாவும், அம்மா ஜெபித்ததைக் கேட்டு மகளும் எடுத்துக்கொண்டது. அச்சு இல்லாத புத்தகம் என்று வேண்டுமானால் சொல்லலாம். வடிவமே இல்லாத ஜெபம் ஒன்றை இதுவரை யாரும் ஜெபித்ததாகத் தெரியவில்லை.

இந்தச் சிக்கலுக்கு எனக்குத் தெரிந்து சரியான விடை சொன்னது ஒரு நாவிதருக்கு எழுதப்பட்ட புத்தகம். பீட்டர் என்ற நாவிதர், எப்படி ஜெபிப்பது என்று தம் வாடிக்கையாளரைக் கேட்டார். அந்த வாடிக்கையாளர் மார்ட்டின் லுத்தர். 1535இல் அவருக்காகவே ஒரு சிறு நூல் எழுதினார். பத்துக் கட்டளைகளையோ பரமண்டல ஜெபத்தையோ ஒவ்வொரு பகுதியாக எடுத்து, அதை வைத்து உம் சொந்தச் சொற்களில் பேசிப்பாரும். நடுவில் நல்ல எண்ணங்கள் தாமாகக் கிளம்பினால் எழுதியதை அப்படியே விட்டுவிட்டு அவற்றைக் கேளும் என்பது அதன் சாரம். இரவல் சொல் தீக்குச்சி மாதிரி, பற்றிக்கொண்டபின் கீழே போட்டுவிடலாம். கவனத்தைப் பற்றிப் பேசுகையில் அவர் நாவிதருக்குத் தெரிந்த உவமையையே எடுத்தார். கத்தி பிடித்தவன் கண்ணும் மனமும் கத்தியிலும் மயிரிலும் இருக்க வேண்டாமா, பராக்குப் பார்த்தால் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவான் அல்லவா என்று கேட்டார். அதே ஆண்டு அந்த பீட்டர், குடிபோதை நிறைந்த ஒரு விருந்தில் தம் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டு ஊரைவிட்டே போக நேர்ந்தது. லுத்தரின் புத்தகம் இன்றும் அந்த பீட்டரின் பெயரோடுதான் அச்சாகிறது. ஜெபிக்கக் கற்றவர் நல்லவராகிவிடுவார் என்று யாரும் உத்தரவாதம் தந்ததில்லை என்பதற்கு இந்த நாவிதரைவிடச் சாட்சி வேண்டாம்.

கொல்லிமலைக்குத் திரும்பலாம். ஆறேழு ஆண்டுகள் அங்கே ஒருவர்கூட மதம் மாறவில்லை. ஜெசி பல் பிடுங்கினார், கட்டி அறுத்தார். அசுத்தமான குளத்து நீரில் பரவும் நரம்புச் சிலந்தி அப்போது மலையில் சாதாரணம். காலில் புண்ணாகி எட்டிப்பார்க்கும் புழுவைச் சட்டென்று இழுத்தால் அறுந்து உள்ளேயே சீழ்பிடிக்கும். ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிது சிறிதாக, பல நாள் இழுக்க வேண்டும். அப்படி எத்தனையோ கால்களைக் குணமாக்கி, கிணற்றுக்குச் சுவர் கட்டச் சொல்லி, தச்சும் நெசவும் கற்றுக்கொடுத்தும் மக்கள் சாமியை மாற்றிக்கொள்ளவில்லை. மருந்தைக் காட்டி ஜெபத்தை விற்றார்கள் என்ற குற்றச்சாட்டு இந்தியாவில் மிஷன்களின்மேல் எப்போதும் உண்டு. சில இடங்களில் அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். இந்த மலையைப் பொறுத்தவரை, மருந்து உடனே வேலை செய்தும் ஆறேழு ஆண்டுகள் ஜெபம் விலைபோகவில்லை என்பதே அதற்குப் பதில். மக்கள் மருந்தையும் மதத்தையும் தனித்தனியாக எடைபோடத் தெரிந்தவர்களாகவே இருந்திருக்கிறார்கள்.

முதல் உலகப் போரின் முடிவில் பரவிய விஷக்காய்ச்சல் மலைக்கும் ஏறியது. அதுவரை பிராண்ட் தம்பதியை எதிர்த்துவந்த ஒரு பூசாரியின் வீட்டில் கணவனும் மனைவியும் படுத்துவிட்டார்கள். அக்கம்பக்கம் கிட்ட வர அஞ்சியது. ஜெசியும் ஈவ்லினும் போய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் பிழைக்கவில்லை. சாவதற்கு முன் அந்தப் பூசாரி தம் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அதற்குப் பிறகுதான் மக்கள் இவர்களிடம் நெருங்கினார்கள், மெல்ல ஒரு சபையும் உருவானது. ஜெபம் நோயைத் தீர்த்தது, ஊர் நம்பியது என்று இந்தக் கதை முடியவில்லை. அந்த வீட்டில் ஜெபித்தவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. கிடைக்காத வீட்டிலிருந்தும் அவர்கள் எழுந்து போய்விடவில்லை என்பதைத்தான் ஊர் பார்த்தது. நியாயமாகப் பேசினால், சாகிறவனின் கையறுநிலை அந்த ஒப்படைப்பில் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் எதிரியாக நினைத்த ஒருவர் கையில் பிள்ளையைக் கொடுப்பது, பத்துப் பிரசங்கத்தால் நடக்கிற காரியமில்லை.

ஜெபம் பலிக்கிறதா என்று அளந்து பார்த்தவர்களும் உண்டு. பிரான்சிஸ் கால்ட்டன் 1872இல், நாடே தேவாலயங்களில் தங்களுக்காக ஜெபிக்கும் அரசர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்கிறார்களா என்று கணக்கெடுத்தார். வாழவில்லை. 2006இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சனும் மற்றவர்களும் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1802 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். அறியாமல் ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும், ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல்கள் வந்தன. ‘உங்களுக்காக ஜெபிக்கிறார்கள்’ என்று சொல்லப்பட்ட குழுவில் அது 59 சதவீதமாக இருந்தது. ஜெபத்துக்காக ஆள் அனுப்பும் அளவுக்கு நம் நிலை மோசமா என்ற பயமே காரணமாக இருக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. இந்தக் கணக்கை விசுவாசிகள் சப்பைக்கட்டுக் கட்டி ஒதுக்கத் தேவையில்லை. ஜெபத்தை நெம்புகோலாக நினைத்தால் அது தோற்றது உண்மை. ஆனால் கிறிஸ்தவத்தின் மூல நூல்களே ஜெபத்தை நெம்புகோலாகக் காட்டவில்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஒன்றை வெளிப்படையாகக் கேட்டார், அது கிடைக்கவில்லை. 150 சங்கீதங்களில் மிகப் பல புலம்பல்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதல் சொல்லாமலே இருட்டில் முடிகிறது. ஜெபப் புத்தகத்துக்குள் அதையும் வைத்துக் கட்டியவர்கள், முறையிடவும் கோபித்துக்கொள்ளவும் ஜெபிக்கிறவருக்குச் சொல் வேண்டும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். நம் மேடைகளில் வெற்றிச் சாட்சிகள் மட்டுமே கேட்கிற இந்தக் காலத்தில், ஜெபிக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் தவிர்த்துவிட்டுப் போகிற பாடம் இதுதான்.

ஈவ்லின் அதை 1929 ஜூனில் கற்றார். மலேரியாவின் கொடிய முகமான, சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சலில் ஜெசி நாற்பதுகளின் நடுவிலேயே இறந்தார். மலையிலேயே அடக்கம். ஐம்பது வயதான ஈவ்லின் இங்கிலாந்து போய்த் திரும்பி வந்தார். எழுபதை நெருங்குகையில் மிஷன் அவரை ஓய்வுபெறச் சொன்னபோது, சரி என்று ஓய்வுபெற்றுக்கொண்டு, தம் பொறுப்பில் மறுபடி மலையேறினார். மட்டக்குதிரை, அது முடியாதபோது இரண்டு மூங்கில் கம்புகள். கொல்லிமலையும் பச்சைமலையும் கல்வராயன் மலையும் அவரை ‘கிரானி பிராண்ட்’ ஆகப் பார்த்தன. 1974 டிசம்பரில் 95ஆம் வயதில் இறந்து, கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கமானார். ஒரு மரணத்துக்குப் பிறகு நாற்பத்தைந்து ஆண்டுகள் நின்றுபோகாத ஜெபம் அது. அவர் என்ன சொல்லி ஜெபித்தார் என்பதைவிட எனக்கு அந்த எண்ணிக்கைதான் பெரிதாகத் தெரிகிறது.

அவர்கள் மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்திய மருத்துவர். ஒன்பது வயதுவரை இந்த மலையில் வளர்ந்து, படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். அப்பா இறந்த தந்தி வந்தபோது அவருக்குப் பதினைந்து நிறைய ஒரு மாதம் பாக்கி. தந்தி வேகமாக வந்துவிட்டது. அப்பா உயிரோடிருக்கையில் எழுதிய கடிதமோ கப்பலில், தன் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. இறந்தவரின் கையெழுத்து பிறகுதான் கையில் கிடைத்தது. குழிவளவுப் பக்கம் காற்று வீசும் மலையுச்சிகளில் குதிரையில் தனியாகப் போனதைப் பற்றித்தான் அதில் எழுதியிருந்தார். காட்டு மரத்தின் வாசனை, பழுப்பு மண், பாறைமேல் படர்ந்த பாசி, பள்ளங்களில் குவிந்து கிடக்கும் சருகு. இதையெல்லாம் கவனித்துப் பார், இப்படி ஓர் உலகத்தில் நம்மை வைத்ததற்கு நன்றியோடு இரு என்று மகனிடம் சொல்கிறார். கடவுளிடம் எதையும் கேட்கும்படி அந்தக் கடிதம் பையனிடம் சொல்லவில்லை.